மிச்சமான நான்கு எழுத்துகள்

அந்த வஃபாத்து அறிவிப்பு என் போனுக்கு வந்தபோது நான் முதலில் எழுத்தைத்தான் பார்த்தேன். எங்கள் எழுத்துருவில் அடித்திருந்தார்கள். கொம்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா, மெய்யெழுத்தின் புள்ளி மேல்வரியில் முட்டுகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். எந்த எழுத்தும் பக்கத்து எழுத்தில் இடிக்காமல் நின்றதில் கொஞ்சம் பெருமைகூட வந்தது, ஏனென்றால் அந்த இடைவெளிகள் என் வேலை. அதற்குப் பிறகுதான் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தேன். கடையநல்லூர், இன்ன தெரு, இன்னாரின் மகன், சவூதியில் தம்மாம் நகரில் வஃபாத்தாகிவிட்டார், நல்லடக்கம் அங்கேயே. அதிலிருந்த பெயர் அந்த எழுத்துகளை வரைந்தவருடையது.

அரை நிமிஷமாவது இருக்கும், நான் அவருடைய சாவுச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு கொம்பையும் காலையும் சரிபார்த்தது. அந்த அரை நிமிஷத்தை என்னால் மறக்க முடியவில்லை. அதைவிட மறக்க முடியாத ஒன்றும் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில் ரத வீதிக்குப் பின்னால் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், சடங்கு வீட்டு அழைப்பு, கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் நல்லது கெட்டதெல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். ஊரில் என் வேலையைவிட என் வாய்தான் பிரபலம். பத்திரிகையில் மாமன் பெயர் விட்டுப்போனது என்று நாலு பேர் சேர்ந்து சண்டைக்கு வந்தாலும், அவர்கள் கைப்பட எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்து முகத்துக்கு நேரே காட்டி அனுப்புகிற ஆள் நான்.

அவரை நான் தெரிந்துகொண்டதும் ஒரு சண்டையில்தான். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கொடை நோட்டீஸுக்கு இலவச எழுத்துரு ஒன்றை இறக்கிப் போட்டேன். அச்சாகி வந்தால் 'லை' வருகிற இடமெல்லாம் கொம்பு எழுத்தின் மேல் ஏறிக்கிடக்கிறது. மொத்த நோட்டீஸும் பாழ். அந்த எழுத்துருவின் பக்கத்தில் குறைகளைச் சொல்ல ஓர் இடம் இருந்தது. எல்லோரும் அங்கே இங்கிலீஷில் மரியாதையாக எழுதியிருந்தார்கள். நான் தமிழில், மரியாதை இல்லாமல் எழுதினேன். அடுத்த வெள்ளிக்கிழமை பதில் வந்தது. "திருத்திட்டேன், எறக்கிப் பாருங்க. இந்தக் கோவம் எங்க ஜில்லாக் கோவமால்லா இருக்கு. தங்கச்சி எந்த ஊரு?"

கடையநல்லூர்க்காரர், தம்மாமில் ஒரு பேக்கேஜிங் அச்சகத்தில் வேலை. பிஸ்கட்டுக்கும் ஷாம்புக்கும் அரபியிலும் இங்கிலீஷிலும் லேபிள் போடுகிறவர். வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு, பொழுது சாய்கிற மக்ரிப் தொழுகை வரைக்கும் தமிழ் எழுத்து வரைவார். அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கிற பொருளில்கூடப் போட்டுக்கொள்ளலாம். யாரும் எதுவும் தர வேண்டியதில்லை. நான் விடாமல் குறை சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அலுத்துப்போய், குறை சொல்கிற கைக்குக் கொஞ்சம் வேலையும் இருக்கட்டும் என்று எழுத்துருவைத் திருத்துகிற உரிமையை எனக்கும் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவர் வரைவார், நான் அளவுக் கணக்கும் இடைவெளியும் பார்ப்பேன். வேறு ஐந்தாறு பேர் உண்டு, அவ்வப்போது எட்டிப் பார்ப்பார்கள். மற்றபடி அவரும் நானும்தான்.

என் வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறவர். அவருக்கு இது பிடிபடவே இல்லை. துண்டை நெய்து நடுத்தெருவில் வைப்பாயாம், எடுத்தவன் அதில் மூக்கைச் சிந்தினான் என்று சண்டைக்கும் போவாயாம், இது என்ன பிழைப்பு என்பார். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்கு ஆள் வந்தால் அவரே வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார். ஏழரை எட்டுக்கு என் போன் டிங் என்று அடிக்கும். பாய் எழுத்து ஏற்றிவிட்டார் என்று அர்த்தம்.

நேரில் பார்த்தது இரண்டே தடவை. முதல் தடவை லீவில் வந்திருந்தபோது கடைக்கு வந்தார். நான் நினைத்து வைத்திருந்ததைவிட ஆள் சின்னது. துண்டில் சுற்றி ஒரு வரைபலகையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார், கம்ப்யூட்டரில் பேனாவால் வரைவதற்கானது. காசு தருகிறேன் என்றதற்கு, இத்தனை வருஷம் திட்டினதற்குக் கூலி என்றார். இரண்டாவது தடவை ஆடித்தபசுத் திருவிழா சமயம். கூட்டத்துக்கு நடுவில் ஒரு தண்ணீர்ப் பந்தலின் ஃபிளெக்ஸில் எங்கள் எழுத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு ஏசினார்கள். அவர் பாட்டுக்கு நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்தார். "நம்ம எழுத்துல தண்ணி குடிக்குதாக தங்கச்சி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மனசும் நிறைந்துதான் போனது.

இனி என் காரியத்தைச் சொல்கிறேன்.

எழுத்துருவில் மெல்லிய எழுத்து ஒன்று, தடித்த எழுத்து ஒன்று என்று இரண்டு வரைந்தால், நடுவில் உள்ள தடிமன்களைக் கம்ப்யூட்டரே உண்டாக்கிக்கொள்ளும்படி செய்யலாம். அதற்கு ஒரே நிபந்தனை, இரண்டிலும் கோட்டைப் பிடித்து நிறுத்துகிற பாயின்ட்டுகள் ஒரே எண்ணிக்கையில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். 'ழ'வுக்கு மெல்லியதில் முப்பது என்றால் தடித்ததிலும் முப்பது. ஒன்று கூடினாலும் நடுத்தடிமன் எழுத்து கிழிந்து நூல் நூலாகப் பறக்கும். நான் நான்கு மாதம் உட்கார்ந்து எழுத்து எழுத்தாக அதைச் சரிசெய்திருந்தேன். கழுத்துவலி வந்து கட்டுப்போட்டுக்கொண்டு செய்த வேலை. பாயிடம் மூன்று முறை சொல்லியிருந்தேன், தடித்த எழுத்தில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் தடித்த எழுத்துகளை மொத்தமாகப் புதிதாக வரைந்து ஏற்றிவிட்டார். மூலத்தைத் தொடாமல் தனியாக ஒரு கிளையில் வைத்திருக்கலாம். நேராக நடுவீட்டில் கொண்டுவந்து வைத்தார். எனக்கு வந்த தகவலில் எந்தெந்த எழுத்து மாறியது, எத்தனை பாயின்ட் கூடியது என்று பட்டியல் இருந்தது. ஒவ்வோர் எழுத்திலும் ஆறு, எட்டு, பத்து. அவர் எழுதியிருந்த குறிப்பைக்கூட நான் படிக்கவில்லை. எழுத்துகளைத் திறந்தும் பார்க்கவில்லை. பட்டியலைப் பார்த்த உடனே எனக்குக் கண் மண் தெரியவில்லை.

மறுநாள் காலையில் என்னிடம் இருந்த பழைய எழுத்துகளை ஏற்றப் போனேன். எங்கள் எல்லோருடைய வேலையும் சேர்ந்து கிடக்கிற சர்வர் விடவில்லை. உன்னிடம் இல்லாத வேலை இங்கே இருக்கிறது, முதலில் அதை வாங்கிக்கொள் என்றது. இப்படி எங்கள் எல்லோரையும் அது தடுக்கும், தடுப்பதற்காகவே வைத்தது. ஆனால் கட்டளையோடு ஃபோர்ஸ் என்று ஒரு சொல்லைச் சேர்த்து அடித்தால் தடுக்காது. என்னிடம் உள்ளதை வைத்துக்கொண்டு, அங்கே இருப்பதைத் தள்ளிவிடும். இந்த வேலையில் இருக்கிற யாரும், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தச் சொல்லை அடிக்க மாட்டார்கள். நான் அடித்தேன். நிதானமாக, எழுத்துப்பிழை இல்லாமல் அடித்தேன்.

அதோடு விட்டேனா? "விளையாட்டுக்கு வேற எடம் பாருங்க பாய்" என்று அவருக்கு ஒரு மெசேஜும் அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "சரி தங்கச்சி. எங்கிட்ட லேப்டாப்புல இருக்கு. கோவம் ஆறட்டும், பெறவு பேசுவோம்." நான் பதில் போடவில்லை. அவருக்கு நீலக்குறி தெரிந்திருக்கும், படித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறாள் என்று. அடுத்த வெள்ளிக்கிழமை டிங் அடிக்கவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை நானே போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அவரே முதலில் பேசட்டும் என்று வைத்துவிட்டேன். அந்த வாரத்திலேயே, அறையில் படுத்தவர் விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு எழுந்திருக்கவில்லை.

இதெல்லாம் நடந்து ஒன்றரை மாதம் கழித்துக் கடையநல்லூருக்குப் போனேன். புளியங்குடியில் பஸ் மாறி உட்கார்ந்ததிலிருந்து, பதில் போடாத அந்த மெசேஜ்தான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஒன்று இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவருடைய மனைவி, கணவன் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இருக்கிற இத்தாவில் இருந்தார். ஆண்கள் யாரும் போகாத உள்ளறை. என்னை அதற்கு முன் அவர் பார்த்ததில்லை. நான் பெயர் சொல்வதற்குள், "வாங்க மைனி, சங்கரன்கோயில்ல இருந்துதான வாரீக" என்று கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். புருஷனின் தங்கச்சி என்றால் அப்படித்தானே கூப்பிட வேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் அழவில்லை. ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்ய முடியாமல் போனதையும், முகத்தை வீடியோவில் காட்டியபோது நடுவில் சிக்னல் போய்விட்டதையும் வேறு யாருக்கோ நடந்ததைப்போலச் சொன்னார். பிறகு, நான் வருவேன் என்று காத்திருந்ததாகச் சொன்னார். மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். இவர் மவுத்தாகியதால் தள்ளி வைத்து, இத்தா முடிந்த பிறகு என்று வைத்திருக்கிறார்கள். பத்திரிகை அடிக்க வேண்டும்.

"பேரெல்லாம் தங் கையெழுத்துலதான் வரணும்னு அவுக ஒரு எழுத்து போட்டுக்கிட்டு இருந்தாக. கார்டுக்குன்னே தனியாப் போடுதேன்னாக. முடிச்ச அன்னைக்கு போன் பண்ணி, தங்கச்சிட்ட ஏத்திட்டேன், இனி பயமில்லன்னாக. நீங்கதான வச்சிருக்கீக மைனி?"

அவர் போனை நீட்டினார். அதில் ஒரு படம். கம்ப்யூட்டர்த் திரையைப் போனால் எடுத்தது. மகளின் பெயர், நான்கு எழுத்து, தடித்த எழுத்தில். இத்தனை வருஷம் அந்த எழுத்துருவோடு கிடந்தவள் நான், ஆனால் அந்த வடிவத்தை அதற்கு முன் பார்த்ததே இல்லை. நான்தான் திறந்து பார்க்கவில்லையே. திரையின் கறுப்பு ஓரத்தில் பனியன் போட்ட ஒரு ஆள் போனைத் தூக்கிப் பிடித்திருக்கும் நிழல் மங்கலாகத் தெரிந்தது. அதற்காகத்தான் இந்தப் படத்தை அழிக்காமல் வைத்திருக்கிறேன் என்றார் அவர்.

நான் "பாக்குதேன் மைனி" என்று மட்டும் சொன்னேன். அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சாப்பிடச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டேன்.

தேடாத இடம் இல்லை. சர்வரில் தள்ளிவிடப்பட்ட வேலை உடனே அழியாது, யாருக்கும் சொந்தமில்லாமல் கொஞ்ச நாள் மூலையில் கிடக்கும். ஆனால் எங்களுடையது வாடகைக்கு எடுத்த சின்ன சர்வர், இடம் போதாது. அதனால் அப்படிக் கிடப்பதை வாரத்துக்கு ஒருமுறை பெருக்கித் தள்ளும்படி ஓர் ஏற்பாடு இருந்தது. அந்த ஏற்பாட்டைச் செய்ததும் நான்தான். குழுவில் ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒருவர் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைத்திருந்தார், வியாழக்கிழமை எடுத்தது. பாய் ஏற்றியது வெள்ளிக்கிழமை. தம்மாமில் அவரோடு அறையில் இருந்தவரைப் பிடித்தேன். லேப்டாப் கம்பெனியுடையதாம். திருப்பி வாங்கிச் சுத்தமாக அழித்து வேறு ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டதாம். அவர் பாவம், என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார்.

என் போனில் இருந்த அந்த நான்கு எழுத்துதான் மிச்சம். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதுதான் அவர் எதற்காக அத்தனை பாயின்ட்டுகளைக் கூட்டினார் என்று விளங்கியது.

கல்யாணக் கார்டு சாதாரணக் காகிதம் இல்லை. சொரசொரப்பான கெட்டி அட்டை, அதில் தங்கநிறத்தில் அழுத்தி அடிப்பார்கள். தடித்த எழுத்தில் சுழியும் கோடும் சேருகிற மூலையில் நிறம் தேங்கி அடைத்துக்கொள்ளும். 'ண' எது, 'ன' எது என்று தெரியாமல் மொத்தையாகப் போய்விடும். அவர் அந்த மூலை ஒவ்வொன்றிலும் அரிசிமுனை அளவுக்கு உள்ளே வெட்டிவிட்டிருந்தார். நிறம் தேங்கினாலும் அந்த வெட்டில் போய் நிற்கும், எழுத்து திறந்தே இருக்கும். அதற்குத்தான் அந்த ஆறும் எட்டும் பத்தும். நான் இருபது வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை போடுகிறவள். எத்தனையோ கார்டில் அடைத்துப்போன எழுத்தைப் பார்த்து அச்சகத்துக்காரரை ஏசியிருக்கிறேன். என் கண்ணில் பட்டிருக்க வேண்டியது அது. என் தொழிலுக்காகவே ஒருத்தர் செய்த வேலையை விளையாட்டு என்று சொன்னேன்.

மறுபடியும் கடையநல்லூர் போனேன். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். கம்பெனிக்காரன் அழித்துவிட்டான் என்றால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அந்த அம்மா என்னை மைனி என்று கூப்பிட்டுவிட்டார். ஃபோர்ஸ், சர்வர் எல்லாம் அவருக்கு எதற்கு? பாய் ஏற்றிவைத்தார், எனக்குக் கோபம், திறந்துகூடப் பார்க்காமல் நான் எடுத்து வெளியே போட்டுவிட்டேன், இப்போது எங்கேயும் இல்லை என்று சொன்னேன்.

அவர் கேட்டார். "அவுகளுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். என்ன சொன்னார் என்று கேட்டார். போனைத் திறந்து கொடுத்தேன். கண்ணாடி இல்லாததால் தள்ளிப் பிடித்துக்கொண்டு படித்தார். நான் எழுதியதையும் படித்தார், அவர் எழுதியதையும் படித்தார். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை என்பதையும் விரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டார்.

"ஆறிட்டா மைனி?" என்று கேட்டார்.

அது குத்தலாகக் கேட்டதா, நிஜமாகவே கேட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

போனை என் மடியில் வைத்துவிட்டு அவர் சொன்னார். "எம் மக கிட்ட மட்டும் இதச் சொல்லாதீக. அவளுக்கு வாப்பா முகமும் பாக்கக் கெடைக்கல. எழுத்தாவது அவுக எழுத்துன்னு இருக்கட்டும். மிச்சத்த நீங்க போட்டுருங்க."

வாக்குக் கொடுத்தேன். அதனால்தான் இதில் யாருடைய பெயரையும் எழுதவில்லை, ஊர்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். அவள் கண்ணில் இது பட்டாலும், வேறு யாருடைய வாப்பாவோ என்று நினைத்துக்கொள்ளட்டும்.

என் முறைப்படி பார்த்தால் அது செய்யக்கூடாத வேலை. நான்கு எழுத்தை வைத்துக்கொண்டு, அவர் மற்ற எழுத்தை எப்படி வரைந்திருப்பார் என்று ஊகித்து வரைய வேண்டும். மாப்பிள்ளை பெயரில் ஆறு எழுத்து, அதில் இரண்டுதான் மகள் பெயரிலும் உண்டு. வாப்பா பெயரும் அதே எழுத்தில் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவர் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த அந்தப் பலகையை எடுத்துத் தூசி தட்டினேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வரைந்தேன், மத்தியானத்திலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும். தறிச்சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் டீயை வைத்துவிட்டுப் போய்விடுவார். பாயின்ட் எண்ணிக்கையைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. மூலைக்கு மூலை அரிசிமுனை வெட்டு வைத்தேன்.

பத்திரிகையில் அவர் பெயருக்கு முன்னால் 'மர்ஹூம்' என்று போட வேண்டும். இறந்துபோனவர் என்று அர்த்தம். அந்தச் சொல்லின் எழுத்து ஒன்றுகூட அந்தப் படத்தில் கிடையாது. ஒரு முழு வெள்ளிக்கிழமை அந்த ஒரு சொல்லுக்கே போனது. பாய் வரைகிற 'ம' எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்து, அவரை இறந்தவர் என்று அவர் எழுத்திலேயே எழுதினேன். கடையை அன்றைக்குச் சீக்கிரம் பூட்டிவிட்டேன்.

சர்வரில் ஏற்றும்போது ஒவ்வொரு வேலைக்கும் அதை ஆக்கியவர் பெயரைக் கொடுக்க வேண்டும். அந்த நான்கு எழுத்துக்கு அவர் பெயரைக் கொடுத்தேன், மற்றவற்றுக்கு என் பெயரை. குறிப்பு எழுதுகிற இடத்தில், இதற்கு முன் இங்கே இருந்த தடித்த எழுத்துகள் எப்படிப் போயின, போக்கியது யார் என்று முழுவதையும் எழுதிவைத்தேன். எல்லோரும் பார்க்கட்டும் என்று திறந்து வைத்த இடம் அது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம், ஆனால் எழுத்துரு வேலை செய்கிறவர்கள் தவிர வேறு யாரும் அந்த மூலையைத் தேட மாட்டார்கள். இதுவரை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஒருவராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கார்டு அச்சாகி வந்ததும் நானே ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போனேன். தங்க எழுத்து ஒன்றுகூட அடைக்கவில்லை. அந்த மூலை வெட்டுகள் வேலை செய்திருந்தன. அச்சகத்துக்காரர், இது எங்கே கிடைக்கிற எழுத்து என்று கேட்டார், சும்மாவே கிடைக்கும் என்றேன்.

மகளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கல்லூரி முடித்த பெண், அவரைப்போலவே சின்ன உருவம். கார்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அவள் படிக்கவில்லை, எழுத்துகளைப் பார்த்தாள். அப்படிப் பார்க்க அவர்தான் பழக்கியிருக்க வேண்டும். இந்த எழுத்துருவை எனக்கு அனுப்புங்கள், இனி எதை டைப் அடித்தாலும் இதில்தான் அடிப்பேன் என்றாள். இன்னும் முடியவில்லை, நிறைய எழுத்து பாக்கி இருக்கிறது என்றேன். வாப்பா முடித்துவிட்டதாகத்தானே சொன்னார்கள் என்றாள். அவள் உம்மா அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சில திருத்தம் இருக்கிறது, அதைத்தான் பார்க்கிறேன் என்று சமாளித்தேன்.

அவள் தன் பெயரின் மேல் விரலை வைத்தாள். படத்தைப் பார்த்து நான் அச்சு அசலாக எடுத்த நான்கு எழுத்து, அவர் கை. அதை அவள் சும்மா தடவிவிட்டு நகர்ந்தாள். மாப்பிள்ளை பெயரைத் தாண்டினாள். கீழே வந்து, மர்ஹூம் என்று தொடங்கி வாப்பாவின் பெயர் இருக்கிற வரியில் விரல் நின்றது. திரும்பவும் முதலிலிருந்து அந்த வரியைத் தடவினாள். அவள் கண்ணீர் கார்டில் விழுந்தது, அவசரமாக முந்தானையால் ஒற்றினாள்.

"எம் பேருல கூட இவ்வளவு தெரியல மாமி. இங்கனதான் வாப்பா கை அப்படியே இருக்கு. பாருங்க, இந்த 'ம'வ வாப்பாவத் தவிர வேற யாரு இப்படிப் போடுவா?"

அவள் உம்மா என்னைப் பார்த்தார். நான் அந்த 'ம'வைப் பார்த்தேன்.

"ஆமா மக்கா," என்றேன். "வாப்பா கைதான்."